எலுமிச்சை நீர்: மருந்தா, நம்பிக்கையா?

நம் இல்லங்களில் எலுமிச்சைக்கு இருக்கும் மதிப்பு வேறு எந்தப் பழத்திற்கும் இல்லை எனலாம். புதிய கார் வாங்கினால் சக்கரத்தின் அடியில் வைத்து நசுக்குவது எலுமிச்சை. பெரியவர்களைப் பார்க்கப் போனால் கையில் கொடுப்பது எலுமிச்சை. துர்க்கைக்கு மாலையாவதும், தைப்பூசத்தில் நேர்த்திக்கடன் செலுத்துவோரின் மேனியில் கொக்கியோடு தொங்குவதும் அதே பழம்தான். ஒருவன் பித்துப் பிடித்தவன்போல் பேசினால், "தலையில எலுமிச்சம்பழம் தேச்சுக் குளி" என்று கேலி செய்யாத தமிழர் உண்டா? கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பூக்கடைகளில் மாலைகளுக்குப் பக்கத்திலேயே எலுமிச்சையும் அடுக்கி வைத்திருப்பார்கள். அதே பிரிக்பீல்ட்ஸில் ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவிலுக்கு வரும் யாழ்ப்பாண வழிவந்த பெரியவர்களிடம் கேட்டால் அதைத் 'தேசிக்காய்' என்பார்கள். பெயர் மாறினாலும் மதிப்பு மாறவில்லை.

இப்படிச் சாமிக்கும் சடங்குக்கும் உரியதாக இருந்த பழம் இன்று மருத்துவராகவும் பதவி உயர்வு பெற்றுவிட்டது. விடிந்தால் போதும், புலனத்தில் ஒரு செய்தி வந்து நிற்கிறது. காலையில் வெறும் வயிற்றில் வெதுவெதுப்பான நீரில் எலுமிச்சையைப் பிழிந்து குடித்தால் கொழுப்பு கரையும், இனிப்பு நீர் இறங்கும், சிறுநீரகம் கழுவிவிட்டதுபோல் ஆகும், புற்றுநோய் அண்டாது என்று அது அடுக்கிக்கொண்டே போகும். கடைசி வரியில், "இதை மருத்துவர்கள் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், பத்துப் பேருக்கு அனுப்புங்கள்" என்றிருக்கும். நம் அத்தைமாரும் சித்திமாரும் நல்லெண்ணத்தோடு பத்துப் பேருக்கு அனுப்பி விடுகிறார்கள்.

எலுமிச்சை நீரைக் குடிக்காதீர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அது நல்ல பானம். ஆனால் மருந்து இருக்க வேண்டிய இடத்தில் அதைக் கொண்டுபோய் வைக்கும்போது அது தீமையாகிறது. அந்தத் தீமையை மற்ற எவரையும்விட நம் சமுதாயம்தான் தாங்க முடியாத நிலையில் இருக்கிறது. இந்த நிலைக்குத் தமிழ் படித்த பல்கலைக்கழக மாணவர்களாகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. இவையே என் கருத்துகள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த எலுமிச்சை?

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் 'லெமன்' என்பது பேரங்காடியில் விற்கும் பெரிய மஞ்சள் பழம். பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருவது. நம் வீட்டில் ஊறுகாய் போடும் சிறிய பச்சைப் பழம் 'லைம்' இனம்; மலாயில் 'லிமாவ் நிப்பிஸ்'. உணவுக்கடையில் 'தே ஓ ஐஸ் லிமாவ்' கேட்டால் பெரும்பாலும் அதில் விழுவது இன்னும் சிறிய 'லிமாவ் கஸ்தூரி'. மூன்றையும் நாம் ஒரே சொல்லால் எலுமிச்சை என்கிறோம். ஆகவே லெமனைப் பற்றி எங்கோ ஒருவர் எழுதியதைத் தமிழாக்கும்போது அது நம் வீட்டுப் பச்சைப் பழத்தின் மேல் வந்து ஒட்டிக்கொள்கிறது.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். வரலாற்றில் இந்தக் குழப்பத்தால் மனிதர்கள் துன்பப்பட்டிருக்கிறார்கள். 1747இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர், ஈறு வீங்கி இரத்தம் கசியும் ஸ்கர்வி நோயால் வாடிய 12 மாலுமிகளை இருவர் இருவராக ஆறு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு ஆரஞ்சும் லெமனும், மற்றக் குழுக்களுக்குக் கடல்நீர், காடி போன்ற அக்கால வைத்தியங்கள். பழம் தின்ற இருவரும்தான் விரைவாகத் தேறினர். 1753இல் அவர் நூல் எழுதினார்; பிரிட்டிஷ் கடற்படை அதனை ஏற்று மாலுமிகளுக்கு லெமன் சாறு கொடுக்க 1795 ஆனது. பின்னர் 19ஆம் நூற்றாண்டின் நடுவில், லெமனுக்குப் பதிலாக மேற்கிந்தியத் தீவுகளின் லைம் சாற்றைக் கப்பலேற்றினார்கள். இரண்டும் ஒன்றுதானே என்ற எண்ணம். லைமில் வைட்டமின் சி குறைவு. சேமிப்பில் இன்னும் குறைந்துபோனது. 1875இல் வடதுருவம் நோக்கிச் சென்ற பிரிட்டிஷ் பயணக் குழுவில் சாறு குடித்தும் ஸ்கர்வி திரும்பி வந்தது.

இந்த வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. எலுமிச்சை இனத்துக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்மையிலேயே உண்டு. ஆனால் எந்த நோய்க்கு, எந்தப் பழம், எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்த்தவர்தான் அதைக் கண்டார் என்பது முதல் பாடம். ஒப்பிடாமல் பெயரை மட்டும் நம்பினால், கண்டுபிடித்ததையும் இழந்துவிடுவோம் என்பது இரண்டாவது.

குவளையில் உள்ள நன்மை

இனி, எலுமிச்சை நீரால் உண்மையில் என்ன கிடைக்கிறது?

வைட்டமின் சி கிடைக்கிறது, ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை. அமெரிக்க வேளாண் துறையின் உணவுப் பட்டியலின்படி 100 கிராம் லைம் சாற்றில் சுமார் 30 மில்லிகிராம், லெமன் சாற்றில் சுமார் 39 மில்லிகிராம் உள்ளது. ஒரு குவளையில் நாம் பிழிவது ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டிதான். அதாவது 10 மில்லிகிராம் அளவு. நம் நாட்டின் ஊட்டச்சத்துப் பரிந்துரை பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 70 மில்லிகிராம் என்கிறது. அதே பட்டியலில் 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சாலையோரப் பழவண்டியில் வெட்டி விற்கும் கொய்யாவில் இரண்டு துண்டு, காலையில் குடிக்கும் எலுமிச்சை நீரை எளிதில் வென்றுவிடும். ஆனால் கொய்யாவைப் பற்றிப் புலனச் செய்தி வருவது அபூர்வம்!

இரும்புச்சத்து உடலில் சேர எலுமிச்சை உதவுகிறது. கீரை, பருப்பு போன்ற தாவர உணவில் உள்ள இரும்பை உடல் எளிதில் ஏற்பதில்லை. உடன் வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக ஏற்கும். தேநீர் இதற்கு நேர்மாறாகத் தடுக்கும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், பிள்ளைப்பேறு வயதுப் பெண்களில் பத்தில் மூவருக்கு இரத்தச்சோகை இருப்பது தெரிய வந்தது. ஆகவே மதிய உணவோடு தே தாரேக் குடிக்கும் கல்லூரித் தோழியர், அதற்குப் பதில் சீனி போடாத எலுமிச்சை நீர் குடித்தால் அது பயனுள்ள மாற்றம். வெறும் வயிற்றில் குடிப்பதைவிட உணவோடு குடிப்பதே இதற்குச் சிறந்தது என்பதையும் கவனியுங்கள்.

சிறுநீரகக் கல்லுக்கும் எலுமிச்சைக்கும் தொடர்பு உண்டு. அதிலுள்ள சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக் கல் உருவாவதைக் குறைக்கக்கூடியது. இதைச் சோதிக்க இத்தாலியில் கல் மீண்டும் மீண்டும் வரும் 203 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2022இல் வெளியானது. தினமும் இருவேளை 60 மில்லிலிட்டர் லெமன் சாறு குடித்த குழுவில் கல் திரும்பியவர்கள் சற்றுக் குறைவு. ஆனால் அந்த வேறுபாடு தற்செயல் அல்ல என்று உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. வயிற்றுத் தொல்லையால் பலர் இடையில் குடிப்பதைக் குறைத்தும் விட்டனர். நம்பிக்கை தரும் செய்தி, ஆனால் தீர்ப்பு அல்ல.

இனிப்பு நீருக்கு ஏதாவது செய்யுமா? பிரான்சில் 2021இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ரொட்டியோடு லெமன் சாறு குடித்தபோது இரத்தச் சர்க்கரையின் உச்சம் சுமார் 30 விழுக்காடு குறைந்தது. கேட்க மகிழ்ச்சிதான். ஆனால் பங்கேற்றவர்கள் பத்துப் பேர், அனைவரும் நலமானவர்கள், குடித்தது தண்ணீர் கலக்காத சாறு, ஒரு முழுக் குவளை. இதிலிருந்து "மாத்திரையை நிறுத்து" என்ற முடிவுக்குப் போவது, தெருமுனைக் கடைக்கு நடந்தவன் பத்துமலைப் படியெல்லாம் ஏறிவிட்டேன் என்பதைப் போன்றது.

குவளையில் இல்லாதவை

எலுமிச்சை இரத்தத்தைக் 'காரத்தன்மை' ஆக்கும், அதனால் நோய் வாழாது என்பது இரண்டாவது வகைச் செய்தி. தமிழ்ப்பள்ளியின் அறிவியல் வகுப்பில் எலுமிச்சைச் சாற்றில் நீல லிட்மஸ் தாளை நனைத்து, அது சிவப்பாக மாறியதைப் பார்த்து, 'காடித்தன்மை' என்று எழுதியவர்கள் நாம். இரத்தத்தின் அளவு 7.35க்கும் 7.45க்கும் இடையில் நிற்கும்படி நுரையீரலும் சிறுநீரகமும் இரவு பகலாகப் பார்த்துக்கொள்கின்றன. ஒரு குவளை எலுமிச்சை நீரால் அதை அசைக்க முடியாது. அசைக்க முடிந்திருந்தால் அது ஆபத்து. ஒரு ரசம் சாப்பாட்டுக்கே நாம் மயங்கி விழுந்திருப்போம்.

கோவிட் காலத்தில் எலுமிச்சையும் சமையல் சோடாவும் கலந்து குடித்தால் கிருமி சாகும் என்ற செய்தி உலகைச் சுற்றி வந்தது. காடியும் காரமும் கலந்தால் ஒன்றையொன்று நடுமையாக்கும், நுரைக்கும், அவ்வளவுதான். இதற்குப் பல்கலைக்கழகப் பட்டம் தேவையில்லை. அந்த லிட்மஸ் தாள் போதும்.

எலுமிச்சை, கீமோதெரபியைவிட 10,000 மடங்கு வலிமையாகப் புற்றுநோயைக் கொல்லும் என்ற செய்தி இன்னும் பழையது. புலனம் பரவுவதற்கு முன்பே மின்னஞ்சலில் வலம் வந்தது. எலுமிச்சை இனப் பழங்களில் உள்ள சில பொருள்களை ஆய்வகத் தட்டில் புற்றுநோய்ச் செல்களின் மேல் சோதித்திருக்கிறார்கள் என்பது உண்மை. தட்டில் உள்ள செல்லைச் சோப்புத் தண்ணீரும் கொல்லும். மனிதரின் புற்றுநோயை எலுமிச்சை குணமாக்கியதாக எந்த மருத்துவச் சோதனையும் காட்டவில்லை.

உடலில் உள்ள நச்சை நீக்கும் என்கிறார்கள். எந்த நச்சு என்று கேட்டால் பதில் இராது. நச்சை நீக்க நமக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் இருக்கின்றன. உடல் எடை குறையும் என்கிறார்கள். சீனி போட்ட பானத்தை விட்டுவிட்டுச் சீனி போடாத எலுமிச்சை நீருக்கு மாறினால் எடை குறையக்கூடும். அப்போது குறைத்தது எலுமிச்சை அன்று, விட்ட சீனி. அதில் தேன் சேர்த்துக்கொள்வோர், ஒரு மேசைக்கரண்டித் தேனில் சுமார் 17 கிராம் சர்க்கரை உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

குவளையில் உள்ள தீமை

அளவுக்கு மிஞ்சினால் அமுதும் நஞ்சு என்பது நம் பழமொழி. எலுமிச்சைக்கும் அது பொருந்தும்.

முதலாவது பல். பல்லின் எனாமல் 5.5 என்ற காடித்தன்மை அளவுக்குக் கீழே கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாறு 2க்கும் 3க்கும் இடையில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் தினமும் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தால் பல் கூசும். தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. நன்றாக நீர் கலந்து, ஒரே மூச்சில் அல்லது உறிஞ்சுகுழலில் குடித்து, பிறகு வெறும் நீரில் வாய் கொப்பளிப்பது நல்லது. குடித்த உடனே பல் துலக்காமல் அரை மணி நேரமாவது பொறுக்க வேண்டும்.

இரண்டாவது நெஞ்செரிச்சல். வயிற்றுப் புண்ணும் அமிலம் மேலேறும் தொல்லையும் உள்ளவர்களுக்கு வெறும் வயிற்று எலுமிச்சை நீர் பெரும்பாலும் தொல்லையைக் கூட்டும்.

மூன்றாவது சீனி. கடையில் கிடைக்கும் எலுமிச்சைச் சாற்றைச் சற்றுக் கவனியுங்கள். இரண்டு மேசைக்கரண்டிச் சீனி என்றால் 25 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல், பெரியவர் ஒருவர் ஒரு நாளில் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருந்தால் மேலும் நலம் என்றது. ஒரு குவளையிலேயே கணக்கு முடிந்துவிடுகிறது. அசாம் போய் போட்டால் உப்பும் சேர்ந்துகொள்கிறது. நம் அரசாங்கம் 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென் வரி விதித்து, 2024இல் 50 சென்னாகவும் 2025இல் 90 சென்னாகவும் உயர்த்தியது. அது தொழிற்சாலைப் பானத்துக்குத்தான். உணவுக்கடையில் கண்முன்னே கலக்கும் பானத்துக்கு வரியும் இல்லை, எவ்வளவு சீனி என்ற குறிப்பும் இல்லை.

நான்காவதுதான் என்னை இதை எழுத வைத்தது: சிறுநீரக நோயாளிகள். இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்பவர்களுக்கு ஒரு நாளில் எவ்வளவு நீர் குடிக்கலாம் என்று மருத்துவர் அளந்து சொல்லியிருப்பார். சிறுநீராக வெளியேறாத நீர் உடலில் தேங்கும், கால் வீங்கும், நுரையீரலில் கோத்து மூச்சுத் திணறும். "தினமும் இரண்டு லிட்டர் எலுமிச்சை நீர் குடித்தால் சிறுநீரகம் சுத்தமாகும்" என்ற செய்தி சிறுநீரகம் பழுதான ஒருவருக்குப் போய்ச் சேர்ந்தால் அது உயிரோடு விளையாடுவதாகும். இயற்கையானது எதுவும் கெடுதல் செய்யாது என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட எண்ணம். நம் பாசார் மாலாமில் விற்கும் நட்சத்திரப் பழமாகிய பெலிம்பிங், நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குப் பழம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு வலிப்பும் மரணமும் கூட வரவழைக்கும் நச்சு. அதுவும் இயற்கைதான்.

நமக்கு ஏன் இது பெரிய செய்தி?

2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது நம்மில் ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் சராசரி 15.6 விழுக்காடாக இறங்கியது ஆறுதல்; ஆனால் நோய் உள்ள ஐவரில் இருவருக்கு அது இருப்பதே தெரியாது என்றும் அதே ஆய்வு கூறியது. நாட்டில் இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோர் 50,000க்கும் மேல். அவர்களின் சிறுநீரகம் பழுதாக முதன்மைக் காரணம் நீரிழிவு.

நீரிழிவு வலிக்காத நோய். அங்கேதான் ஆபத்து. மாத்திரையை நிறுத்திவிட்டு எலுமிச்சை நீர் குடிப்பவர் அடுத்த நாள் நன்றாகத்தான் இருப்பார்; அடுத்த மாதமும் நன்றாகத்தான் இருப்பார். "பார், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று மற்றவருக்கும் சொல்வார். கண்ணும் சிறுநீரகமும் கால் நரம்பும் உள்ளே கெட்டுக்கொண்டிருப்பது ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும். கிள்ளானில் இருக்கும் என் அத்தை இப்படித்தான் ஏழெட்டு மாதம் மாத்திரையைத் தொடாமல் இருந்தார். காலில் ஆறாத புண் வந்த பிறகே வீட்டில் எல்லாருக்கும் தெரிந்தது. இன்று அவருக்கு இரண்டு விரல்கள் இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

"நம் பாட்டி இதையெல்லாம் குடித்துத்தானே 90 வயது வாழ்ந்தார்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அந்தப் பாட்டி விடியுமுன் எழுந்து பால்மரக் காட்டில் நாள் முழுவதும் நடந்தவர். அவர் காலத்தில் அளவில்லாச் சீனியும் பால்டின் பாலும் எந்நேரமும் கிடைக்கவில்லை. தோட்டத்தில் டிரெசர் ஒருவரே மருத்துவர். பெரிய மருத்துவமனை எட்டாத தூரம். கையில் இருந்ததைக் கொண்டு குடும்பத்தைக் காத்த அந்த வீட்டு வைத்தியத்தை நான் இழிவாக எண்ணவில்லை. ஆனால் அதே தோட்டத்தில் 40 வயதில் போனவர்களின் கதையை யாரும் புலனத்தில் அனுப்புவதில்லை. அவர்களும் இதே எலுமிச்சையைத்தான் குடித்தார்கள்.

"மருந்து கம்பெனிகள் இயற்கையை மறைக்கின்றன" என்பது இன்னொரு வாதம். நீரிழிவுக்கு முதலில் கொடுக்கப்படும் மெட்ஃபோர்மின் மாத்திரையின் கதையைக் கேளுங்கள். ஐரோப்பாவில் நாட்டு வைத்தியத்தில் பயன்பட்ட ஒரு செடியில் இருந்த பொருளை ஆராய்ந்ததன் வழியே பிறந்தது அது. 1922இல் ஆய்வகத்தில் உருவானது. 1957இல் பிரான்சில் நோயாளிகளிடம் சோதித்து வெளியிட்டார்கள். இன்று உலகின் மிக மலிவான மருந்துகளில் அதுவும் ஒன்று. ஆகவே சண்டை இயற்கைக்கும் மருந்துக்கும் இடையில் அன்று. அளந்து சோதித்ததற்கும் சோதிக்காததற்கும் இடையில்தான். அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி கட்டி மருத்துவரைப் பார்த்து மருந்து வாங்கும் வசதி உள்ள நாட்டில், இலவசமாகக் கிடைக்கும் பொய்க்கு ஒரு சமுதாயம் விரல்களை விலையாகக் கொடுக்க வேண்டுமா?

மொழி எங்கே போனது?

அத்தையைக் குறை சொல்ல மனம் வரவில்லை என்றேன். அவர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். கிளினிக்கில் கொடுத்த கையேடு மலாயில் இருந்தது. மருத்துவர் பேசியது மலாயும் ஆங்கிலமும் கலந்து. தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து கைப்பேசியைத் திறந்தால், அவருக்குப் புரியும் நல்ல தமிழில், "அன்பு உறவுகளே" என்று அழைத்து, பொறுமையாக விளக்கியது அந்தப் பொய்ச் செய்திதான். உண்மை அவருக்குப் புரியாத மொழியில் பேசியது; பொய் தாய்மொழியில் பேசியது. அவர் யாரை நம்புவார்?

செய்திகளின் உண்மையை அறிய 2017 முதல் தொடர்புத்துறை ஆணையத்தின் 'செபெனார்ஞா' அகப்பக்கம் இருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் அதன் பெயரே சொல்வதுபோல் அதன் செய்திகள் பெரும்பாலும் மலாயில்தான் உள்ளன.

நானும் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்ற மாணவி. காடி, காரம், நடுமை என்று தமிழில் தொடங்கிய அறிவியல், படிவம் ஒன்றிலிருந்து வேறு மொழிக்கு மாறியது. எஸ்.பி.எம். முடித்துப் பல்கலைக்கழகம் வந்தபோது, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதை என்னால் இரண்டு மொழிகளில் சொல்ல முடிந்தது. அத்தைக்குப் புரியும் மொழியில் சொல்லத் தடுமாறினேன். இது என் ஒருத்தியின் நிலை அன்று. இந்த மலரைப் படிக்கும் பெரும்பாலோரின் நிலையும் இதுவாகத்தான் இருக்கும். நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றிலிருந்து மருத்துவர், மருந்தாளுநர், உணவியல் வல்லுநர், தாதியர் என்று எத்தனையோ பேர் வந்திருக்கிறார்கள். ஆனால் நாம் கற்ற அறிவியலைத் தமிழில் திருப்பிக் கொடுப்பவர்கள் எத்தனை பேர்?

தமிழ் வாழ்க என்று மேடையில் முழங்குகிறோம். கவிதைப் போட்டி, பட்டிமன்றம், நாடகம் எல்லாம் நடத்துகிறோம். அவை வேண்டும். ஆனால் ஒரு மொழியில் கவிதை மட்டும் நல்லதாகவும் மருத்துவச் செய்தி எல்லாம் பொய்யாகவும் இருந்தால் அந்த மொழி எப்படி அதன் மக்களைக் காக்கும்?

என்ன செய்யலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். மூன்று சிறிய வேலைகள் போதும்.

ஒன்று, தமிழ்ச் சங்கங்கள் மருத்துவ, மருந்தியல் மாணவர்களோடு சேர்ந்து மாதம் ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு எழுதலாம். புலனத்தில் அனுப்பும் வடிவில், "அன்பு உறவுகளே" என்றே தொடங்கலாம். ஒரு குறிப்பில் எலுமிச்சை. அடுத்ததில் மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி சோதனை. அடுத்ததில் கால் பராமரிப்பு. எழுதியதைப் பட்டம் பெற்றுப் பணியாற்றும் முன்னாள் மாணவர் ஒருவர் சரிபார்த்துத் தரட்டும். முன்னாள் மாணவர்களே, ஆண்டு விருந்துக்கு நன்கொடை தருகிறீர்கள். மாதம் ஒரு மணி நேரமும் தாருங்கள்.

இரண்டு, தைப்பூசத்தில் ஜாலான் துன் எச்.எஸ். லீ மகாமாரியம்மன் கோவிலிலிருந்து பத்துமலை வரை வெள்ளி இரதம் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். அங்கே சிவப்புச் சீனிப்பாகுத் தண்ணீருக்குப் பதில், சீனி குறைத்து எலுமிச்சையும் சிட்டிகை உப்பும் சேர்த்த நீர் கொடுக்கலாம். சீனியே போடாத ஒரு பானையைத் தனியாக வைத்து எழுதியும் வைக்கலாம். வெயிலில் நடந்து வருபவருக்கு எலுமிச்சை நீர் செய்யும் உண்மையான நன்மை அதுதான். மூன்றில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருக்கும் கூட்டத்திற்குச் சீனித் தண்ணீர் ஊற்றுவது புண்ணியமாகுமா?

மூன்று, அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது அம்மா, அப்பா, அத்தை, தாத்தாவின் கிளினிக் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். எந்த மாத்திரை எதற்கு என்று தமிழில் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பும் செய்திக்குச் சிரிப்புப் படம் போட்டு நகராமல், "அத்தை, எலுமிச்சை குடிங்க, மாத்திரையையும் விடாதீங்க" என்று ஒரு வரி எழுதுங்கள். குடிக்காதே என்றால் கேட்க மாட்டார்கள். இரண்டும் இருக்கட்டும் என்றால் கேட்பார்கள். சிறுநீரக நோயாளியாக இருந்தால் மட்டும், மருத்துவர் சொன்ன அளவு என்ன என்பதை முதலில் கேளுங்கள்.

எலுமிச்சை நம் பண்பாட்டில் இருக்கட்டும். சக்கரத்தின் அடியிலும், அம்மனின் மாலையிலும், ஊறுகாய்ச் சாடியிலும், வெயிலில் வந்தவர் கையில் கொடுக்கும் குவளையிலும் அதற்கு மதிப்பான இடம் உண்டு. மருந்துப் பெட்டியில் மட்டும் மருந்து இருக்கட்டும். எது எங்கே இருக்க வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அவர்கள் மொழியிலேயே எடுத்துச் சொல்ல, அந்த மொழியையும் அறிவியலையும் ஒருசேரக் கற்ற நம்மை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்? சிந்திப்போம், எழுதத் தொடங்குவோம்.